அறுநூற்றுப் பதினோரு பேர்

நகரசபைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிறது முதலீட்டு வரவேற்பு அலுவலகம். அங்கே அவளுக்குப் பெயர் பதிலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தனியாகக் குடியிருந்தது. மூன்று மாதத் தட்டச்சு வேலைக்கு என்று வந்தவள் பதினேழு வருஷமாகக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். இடையில் நான்கு மேலதிகாரிகள் மாறினார்கள். சுவருக்கு இரண்டு முறை வண்ணம் அடித்தார்கள். அவளுடைய நாற்காலி ஒரு தடவை கால் உடைந்து, வேறு நாற்காலி வந்தது. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை.

ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் தொலைபேசிப் பிரிவையோ கணக்குப் பிரிவையோ பெயர்த்தெடுத்து வேறு நாட்டில் வைக்க நினைக்கும். எங்கே வைப்பது என்று தானே ஊர் ஊராக அலையாது. அதற்கென்று ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பிடிக்கும். அவர்கள் ஏழெட்டு நகரங்களுக்கு ஒரே வினாப்பட்டியலை அனுப்புவார்கள். இருநூற்று நாற்பது கேள்விகள். வருஷத்துக்கு எத்தனை பட்டதாரிகள்? மாதத்தில் எத்தனை நிமிஷம் மின்சாரம் போகிறது? விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு எவ்வளவு நேரம்? உங்கள் ஊர் மக்கள் தொலைபேசியில் எவ்வளவு பொறுமையாகப் பேசுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை முதல் தடவை பார்த்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தாவது தடவை "மிகவும் பொறுமையாக" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

கேட்பது எந்தக் கம்பெனி என்று மட்டும் மூச்சு விட மாட்டார்கள். தங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பேர் மறுநாளே வேறு வேலை தேடக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். அதனால் வருகிற கடிதம் எல்லாம் புனைபெயரோடுதான் வரும். திமிங்கிலம், வெள்ளிமணி, நத்தை. "நத்தை வந்துட்டா ஆயிரம் பேருக்கு வேலைங்க" என்று இவர்கள் பேசிக்கொள்வதை வெளியாள் யாராவது கேட்டால், மூன்றாவது மாடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஏழெட்டு நகரங்களுக்குப் போனாலும் கடைசிச் சுற்றில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று இந்த ஊர். இன்னொன்று ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிற துறைமுக நகரம். அவர்கள் விமான நிலையம் முப்பத்தைந்து நிமிஷம் என்று எழுதினால், இவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அலுவலகக் காரை ஓட்டிப் பார்த்து முப்பத்துநாலு என்று எழுதுவார்கள். அவர்கள் மழைநாள் குறைவு என்றால், இவர்கள் தூறலை மழைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். பதிலம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்டது அந்தத் துறைமுக நகரத்தில்தான். தங்கையைப் பார்க்க ஆசையாகப் போனாலும், ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் சாலையில் எத்தனை குழி என்று அவள் கண் தானாக எண்ண ஆரம்பித்துவிடும்.

இப்போதைய மேலதிகாரிக்குப் பச்சை சார் என்று பெயர். நிறத்தால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது. ஆலோசனைக்காரர்கள் ஒவ்வொரு ஊரின் பதிலுக்கும் கட்டத்துக்குக் கட்டம் நிறம் கொடுப்பார்கள். நல்ல பதிலுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், தேறாததற்குச் சிவப்பு. அவர் காலையில் வந்து பையை வைப்பதற்கு முன்பே, "பச்சையாம்மா?" என்பார். மஞ்சள் என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க உம்மென்று இருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் யாரும் மெனக்கெடவில்லை.

அந்த வேலை பதிலம்மாவுக்குச் செய்தது ஒன்றே ஒன்றுதான். எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளாமல் எழுதப் பழக்கிவிட்டது. அவள் அப்பா இறந்த வாரம், காரியங்கள் முடிந்து வந்து உட்கார்ந்ததும் முன்னால் இருந்த கேள்வி, நகர மக்களின் மகிழ்ச்சி பத்துக்கு எத்தனை என்பது. ஏழு புள்ளி எட்டு என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. அன்றைக்கு மாலை பேருந்தில் போகும்போது, கை நடுங்காததை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அவள் கணவருக்கு வேலை, நகரத்தின் கிழக்குப் பக்கம் கண்ணாடி போட்ட ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு காப்பீட்டுச் சேவைக் கம்பெனியில். கடல் கடந்த நாட்டுக்காரர்கள் மருத்துவமனையில் படுத்து எழுந்து அனுப்புகிற ரசீதுகளைப் படித்து, இது செல்லும், இது செல்லாது என்று பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனியும் ஒரு காலத்தில் புனைபெயரோடு வந்ததுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பதில் எழுதி வரவழைத்ததே இவள்தான். ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாக அவரைப் போய் விண்ணப்பிக்கச் சொன்னதும் இவள்தான்.

போகாத நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, போய்வந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டே சொல்வார்: "இன்னைக்கு ஏணியிலேர்ந்து விழுந்தவங்க பதினாலு பேரு. அங்க இலை கொட்டற காலம் வந்துடுச்சு. கூரையைக் கூட்டறேன்னு ஏறுவாங்க." இன்னொரு நாள், "நாய்க்கடி ஜாஸ்தியா இருக்கு. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு போல." ஒவ்வொரு ரசீதுக்குப் பின்னாலும் ஓர் ஆள் வலியோடு உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு மறக்கவே மறக்காது. அதனாலேயே அவருடைய மேசையில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிதானமாகத்தான் காகிதம் நகரும். நாற்பத்தொன்பது வயது. வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்தக் கம்பெனிதான் எட்டு மாதமாக ஒரு மாதிரி இருந்தது. புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துக்கு வருஷ ஒப்பந்தம் போடுகிறவர்கள் இப்போது மாதா மாதம் போட்டார்கள். கூடத்தில் இருந்த தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் திடீரென்று வரவில்லை.

"செடி வாடினா கம்பெனி கிளம்பப் போகுதுன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் பதிலம்மா.

"செடிக்காரரையே நிறுத்தினவங்க நம்மளை எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க?" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே இருந்தது.

நாற்பத்தொன்பது வயதில் அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எதை நினைத்தாலும் மரத்துப்போகிற மனசு, இந்த ஓர் இடத்தில் மட்டும் முரண்டு பிடித்தது.

மீன்கொத்தி வந்தது அப்போதுதான். இரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரே மையம், காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலை, ஏழு நகரங்கள் போட்டியில். முதல் பக்கத்தைப் படித்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். வேலையைப் படித்தால் அப்படியே கணவருடைய வேலை. கடவுளே பார்த்து அனுப்பியது என்று நினைத்தாள். இவர் கம்பெனி போனால் போகட்டும், மீன்கொத்தி வந்துவிட்டால் போதும். ஒரு கட்டடத்தை விட்டு இறங்கி இன்னொரு கட்டடத்தில் ஏறிவிடலாம்.

பதினேழு வருஷத்தில் எழுதாத மாதிரி எழுதினாள். பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் எண்ணிக்கை வாங்கினாள். மின்வாரியத்தில் கெஞ்சிக் கூத்தாடி, மரம் விழுந்து மின்சாரம் போன நிமிஷங்களைத் தனியாகப் பிரித்து வாங்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பச்சை சாருக்கே ஆச்சரியம். "என்னம்மா, மீன்கொத்தி உங்க சொந்தக்காரங்களா?" என்று கேலி செய்தார்.

எல்லாம் எண்பத்தேழாம் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மூன்று மாதத்துக்குள் வேலையில் சேரக்கூடிய, அனுபவமுள்ள காப்பீட்டுப் பரிசீலகர்கள் உங்கள் நகரத்தில் எத்தனை பேர்? தலைகீழாக நின்று தேடியும் முப்பது பேருக்கு மேல் தேறவில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்தில், அவள் கணவரோடு, வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பதுன்னா சிவப்பும்மா," என்றார் பச்சை சார். "துறைமுகக்காரங்க இருநூறுன்னு அள்ளி விடுவாங்க."

"இருக்கறவங்க எல்லாம் அந்தக் கம்பெனியில இருக்காங்க சார்."

"அந்தக் கம்பெனிதான் போகப் போகுதே. ஊரே பேசுது. போயிட்டா அத்தனை பேரும் ஃப்ரீதானே? ஃப்ரீயா இருக்கப் போறவங்களை எழுதினா பொய்யா?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அவங்களுக்காகத்தானம்மா எழுதறோம். மீன்கொத்தி வரலைன்னா அவங்க எல்லாம் எங்க போவாங்க, சொல்லுங்க?"

அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவர் சொல்லாவிட்டாலும் இரண்டு நாளில் அவளே அங்கே வந்து சேர்ந்திருப்பாள். அந்தக் கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கிற ஆள் கணக்கு அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

எண்ணை அடிக்கப் போனபோது விரல் நின்றது. அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர் காலையில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர். வேலை போகப் போகிறவர்கள் பட்டியலில் அவரைத் தன் கையால் சேர்ப்பது என்னவோ போல இருந்தது. அது மூட நம்பிக்கையோ, கூச்சமோ, எதுவென்று அவள் யோசிக்கவில்லை. அறுநூற்றுப் பதினொன்று என்று அடித்தாள்.

அடுத்த கேள்விக்கும் அதே கையோடு பதில் எழுதினாள். ஆட்குறைப்பு நடந்தால் நகரத்தில் எதிர்ப்பு கிளம்புமா? "மேற்கண்டவர்கள் பணிபுரியும் நிறுவனம் விரைவில் வெளியேறும் என நகர நிர்வாகம் எதிர்பார்க்கிறது. அதனால் சலசலப்பு ஏதும் இராது." நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. எத்தனையோ வருஷப் பழக்கம், வாக்கியம் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

பச்சை சார் எண்பத்தேழைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "அதென்ன பதினொண்ணு?"

"கணக்கு அப்படித்தான் வந்தது சார்."

"அப்படியே இருக்கட்டும். அறுநூறுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. பதினொண்ணுன்னா ஆளாளா எண்ணின மாதிரி இருக்கு." அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பச்சை," என்றார்.

ஏழு நகரம் இரண்டாகச் சுருங்கியது. இந்த ஊரும் துறைமுக நகரமும். நேரில் பார்க்க ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாவும், கம்பெனி சார்பில் ஒருவரும் வந்தார்கள். எந்தக் கம்பெனி என்று அப்போதும் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. அவர்கள் வரும் சாலையில் மட்டும் முதல் நாள் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். கூட்ட அறையில் தண்ணீர்ப் போத்தல்களின் பெயர்த்தாள்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி பதிலம்மா திருப்பி வைத்தாள்.

நகரத்தைப் பற்றிய படம் ஓடி முடிந்ததும் அந்த மனிதர் தாளைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"அறுநூத்திப் பதினொண்ணு. இது சரியான கணக்குங்களா?"

"சரிதாங்க," என்றாள் பதிலம்மா.

"ஒருத்தர் கூடக்குறைய இருக்காதே?"

"இருக்காதுங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த வரியையும் படித்தார். "சலசலப்பு இருக்காதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நகர நிர்வாகம் தெரிஞ்சுதானே சொல்லுது?"

"நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றோம்," என்று முந்திக்கொண்டார் பச்சை சார். "எங்க ஊர்க்காரங்க ரொம்பப் பொறுமைசாலிங்க."

அந்த மனிதர் தலையை ஆட்டி, ஓரத்தில் சின்னதாக ஏதோ குறித்துக்கொண்டார். பச்சை சார் மேசைக்கு அடியில் பதிலம்மாவுக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலை உயர்த்தினார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆலோசனை நிறுவனத்து அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. தோற்ற ஊருக்கு ஏன் தோற்றோம் என்று மரியாதைக்குச் சொல்வது அவர்கள் வழக்கம். துறைமுக நகரம் ஜெயித்துவிட்டது. பச்சை சார் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். பதிலம்மா குறிப்பெடுக்க நோட்டோடு நின்றாள்.

"இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை," என்றது அந்தக் குரல். "இன்னைக்கு மத்தியானம் அவங்களே அறிவிக்கப் போறாங்க. மீன்கொத்தி வேற யாரும் இல்லை, உங்க ஊர்லயே இருக்கற காப்பீட்டுக் கம்பெனிதான்."

பச்சை சாரின் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

அந்த அம்மா நிதானமாக விளக்கினார். கம்பெனிக்கு இங்கே ஒரு மையம், வேறு நாட்டில் ஒரு மையம். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க நினைத்தார்கள். ஏற்கெனவே இருக்கிற ஊருக்குச் சலுகை காட்டக்கூடாது, அதுவும் மற்ற ஊர்களைப் போலப் போட்டி போடட்டும் என்று இங்கேயும் பட்டியலை அனுப்பச் சொன்னார்கள். "உண்மையைச் சொன்னா அவங்களுக்கு இங்கேயே இருக்கத்தான் பாதி மனசு. கிளம்பினா ஊர் சும்மா விடுமா, பத்திரிகையில வருமா, நகரசபை பிரச்சனை பண்ணுமான்னு ஒரே பயம். அந்தப் பயத்துலயே அவங்க இங்கதான் இருந்திருப்பாங்க. உங்க பதிலைப் பார்த்ததும் அந்தப் பயம் போயிடுச்சு. நீங்களே அவங்க ஆளுங்களை வேலை இல்லாதவங்க கணக்குல எழுதிட்டீங்களே."

"ஓ," என்றார் பச்சை சார்.

"ஒரே ஒரு சந்தேகம். அவங்க ஆளுங்க அறுநூத்திப் பன்னெண்டு. நீங்க பதினொண்ணுன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒருத்தர் யாருன்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே சிரிப்பு."

பச்சை சார் பதிலம்மாவைப் பார்த்தார். "தட்டச்சுப் பிழைங்க," என்றாள் அவள். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள். துறைமுக நகரம் வெற்றி. எண்பத்தேழு, எண்பத்தெட்டு உதவின. தட்டச்சுப் பிழை ஒன்று. எழுத்து அவளுடைய வழக்கமான எழுத்தாகவே இருந்தது.

தொலைபேசியை வைத்தபின் பச்சை சார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இது இந்த ரூமை விட்டு வெளிய போக வேண்டாம்," என்றார். அப்புறம், "அடுத்து என்ன வந்திருக்கு?"

"ஆமை வந்திருக்கு சார்."

"சரி. ஆமையைப் பார்ப்போம்."

அவள் தன் இடத்துக்கு வந்து ஆமையின் முதல் பக்கத்தைத் திறந்தாள். பட்டதாரிகள் எண்ணிக்கையை எழுதினாள். மின்சார நிமிஷங்களை எழுதினாள். அந்த நேரத்தில் கிழக்குப் பக்கத்துக் கட்டடத்தில் எல்லாரையும் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் நாலு பக்கம் முடித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து ஒரு முறை கழிப்பறைக்குப் போனாள். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மாலை கணவர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் மேசை இழுப்பறையை இன்றைக்கே காலி செய்துவிட்டார். "அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பெட்டி தேடுவாங்க," என்றார்.

"ம்," என்றாள்.

"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் பண்ண முடியாதா?"

"இல்லைங்க. அவங்க முடிவு பண்ணிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஒருவர் தட்டில் இருப்பது குறைந்தால் இன்னொருவர் வைத்தார். என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்குப் பிறகு ஞாபகமில்லை.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. அவர் வேலைக்குப் போனார், வந்தார். ஏணியிலிருந்து எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். நினைத்ததும் அந்த நினைப்பு தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. குற்ற உணர்ச்சி என்று ஒன்று இருந்தால் இப்படி இருக்காதே என்றுகூட யோசித்தாள். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி, தன்னைத் தானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். தங்கையின் குரல் எப்போதும் பேச்சுக்கு முன்னால் வந்துவிடும்.

"அக்கா, எங்க ஊருக்கு ஒரு பெரிய கம்பெனி வருதாம்! இரண்டாயிரம் பேராம்! என் பொண்ணுக்கு நாளைக்கு இன்டர்வியூ. ரசீது பார்க்கற வேலையாம். மாமாவுக்குத்தான் அதெல்லாம் அத்துப்படியாச்சே. அவகிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்."

"அது உங்க மாமா கம்பெனிதான்," என்றாள் பதிலம்மா.

தங்கையின் குரல் சட்டென்று இறங்கியது. "ஐயோ அக்கா," என்றாள். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. வேணாம், மாமாகிட்ட சொல்லாதே."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். "கொழந்தையைக் கூப்பிடு," என்றார்.

முக்கால் மணி நேரம் பேசினார். ரசீதில் முதலில் தேதியைப் பார்க்கணும், பிறகு மருத்துவர் கையெழுத்து, பிறகு எந்தக் கை, எந்தக் கால். "வலது காலுக்குக் கட்டுப் போட்டு இடது காலுக்குப் படம் எடுத்திருப்பாங்கம்மா. ஏமாத்தறாங்கன்னு உடனே தள்ளிடாதே. அவசரத்துல எழுதினதா இருக்கும். ஒரு தடவை கேளு." பல மாதமாக அவர் குரலில் இல்லாத உயிர் இருந்தது. பேசி முடித்து வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பொண்ணு. கிடைச்சிடும்," என்றார்.

அப்போது பதிலம்மா சொன்னாள். ஏன் அந்த நேரத்தில் என்று அவளுக்கே தெரியாது. மீன்கொத்தி, எண்பத்தேழு, எண்பத்தெட்டு, வந்துபோன மனிதர், தொலைபேசி, எல்லாவற்றையும் வரிசையாக, கூட்டக் குறிப்பு வாசிப்பது போலச் சொன்னாள். அவர் ஓர் இடத்திலும் குறுக்கிடவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்துகிற ஆள் இல்லை.

"வேற கம்பெனின்னு நெனச்சுத்தானே எழுதினே?"

"ஆமா. நீங்க அங்க போய்ச் சேர்ந்துக்கலாம்னு."

"ம். எத்தனை பேருன்னு எழுதினே?"

"அறுநூத்திப் பதினொண்ணு."

"நாங்க பன்னெண்டு பேரு."

"தெரியும்."

"அப்புறம்?"

"உங்களை எண்ணலை. கை வரலைங்க."

அவர் அவளைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. கோபமும் இல்லை, பாசம் என்றும் சொல்ல முடியாது.

"என் பக்கத்து சீட்டுக்காரனுக்கு வீட்ல ஒரு அம்மா இருக்காங்க," என்றார் மெதுவாக. "அந்தத் தாளை அவங்க கையில கொடுத்திருந்தா, அவங்களும் ஒருத்தரை விட்டிருப்பாங்க. வரவேற்புல இருக்கற பொண்ணோட புருஷன் கையில கொடுத்திருந்தா, அவரும் ஒருத்தரை விட்டிருப்பாரு. இப்படியே அறுநூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் அது சுத்தி வந்திருந்தா, கடைசியில உங்க ஆபீஸுக்குப் பூஜ்யம்தான் வந்து சேர்ந்திருக்கும்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. சற்று முன் தங்கை மகளுக்குச் சொன்ன அதே குரல்தான்.

அவளுக்கு வலித்தது. மூன்று வாரமாக எங்கேயோ வெளியே நின்றுகொண்டிருந்த வலி ஒரேயடியாக உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் அம்மாவை அவள் பார்த்ததில்லை. வரவேற்புப் பெண்ணின் கணவரையும் பார்த்ததில்லை. அவர்கள் எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அறுநூற்றுப் பதினோரு பேரைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். ஒருவருடைய முகம்கூட அப்போது கண் முன்னால் வரவில்லை. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தொலைபேசி மறுபடி அடித்தது. தங்கை மகளுக்கு இன்னும் ஒரு சந்தேகம். "சொல்லும்மா," என்று எடுத்தவர், தொலைபேசியை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மனைவியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, எலும்பு முறிவு ரசீதில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.